பொறி வைத்தவன் பொறுப்பு

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து சங்கத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மொத்த வியாபாரியான நண்பர் ஒருவர் தம் மனக்குறையை வெளியிட்டார். நியூஸிலாந்தின் தலைநகரான வெல்லிங்டனில் அவர் மகன் படிக்கிறான். சனிக்கிழமைதோறும் குன்றுகளில் ஏறி எலிப்பொறிகளைப் பார்வையிட்டு வருகிறானாம். கூலி கிடையாது, ஊர்த் தொண்டாம். "நாமும் கிட்டங்கியில் எலியைக் கொல்கிறோம். அது நம் அரிசியைத் தின்கிறது. காட்டில் திரிகிற எலி இவனுக்கு என்ன பண்ணிற்று? உயிரைக் கொல்வதைத் தருமம் என்கிறானே, இது என்ன நியாயம்?" என்று நம்மைக் கேட்டார்.

கேள்வி எளிதாகத்தான் தோன்றியது. பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

அந்த நாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மனிதன் போய்ச் சேருமுன் அங்கே நிலத்தில் வாழும் பாலூட்டி என்று வௌவாலைத் தவிர வேறொன்றும் இல்லை. பூனை இல்லை, எலி இல்லை, கீரி இல்லை. பயமில்லாத இடத்தில் பறவைகள் சில பறப்பதையே விட்டுவிட்டன. கிவி மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். காக்காப்போ என்ற பெரிய கிளி, ஆபத்து வந்தால் ஆடாமல் அசையாமல் நின்றுவிடும். வானத்திலிருந்து நோக்கும் கழுகை ஏமாற்ற அது போதும்; மோப்பம் பிடித்து வரும் பிராணியிடம் அந்த வித்தை பலிக்குமா? 1995இல் உலகம் முழுவதிலும் 51 காக்காப்போக்களே மிஞ்சியிருந்தன. காவல் இல்லாத காட்டில் நூறு கிவிக் குஞ்சுகள் பிறந்தால் ஐந்தாறுதான் பெரிதாகி முட்டையிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, அந்த விரோதிகளைக் கொண்டுவந்தது யார்? வியாபாரிகளாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுவே. மாவோரி மக்களின் ஓடங்களில் ஓர் எலி வந்தது. பிறகு ஐரோப்பியரின் கப்பல்களில் சரக்கோடு சரக்காக வேறு இரண்டு ஜாதி எலிகள் இறங்கின. போஸம் என்ற மரப்பிராணியை, தோல் வியாபாரம் நடக்கட்டுமென்று 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். முயல் பெருகி ஆட்டு மந்தைகளின் புல்லைத் தின்று தீர்த்தபோது, முயலைத் தின்பதற்காக 1880களில் ஸ்டோட் என்னும் கீரி போன்ற பிராணியை இறக்கினார்கள். பறவைகளை அறிந்தவர்கள் வேண்டாமென்று தடுத்தும் கேட்கவில்லை. ஸ்டோட் முயலோடு நிற்காமல் பறவைக் கூட்டுக்குள்ளும் போயிற்று.

அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டுமென்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காக்கையைத் தருவித்தார்கள். பிற்காலத்தில் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிக்காரர்களை வைத்து அதைச் சுட வேண்டி வந்தது.

ஆக, நண்பர் மகன் செய்வது பழைய கடனைத் தீர்க்கும் காரியம் என்பது நம் அபிப்பிராயம். தகப்பனாரின் கடையை ஏற்கும் மகன் அலமாரிச் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பேரேட்டிலுள்ள பாக்கியைத் தள்ளிவிட முடியுமா? தோலிலும் கம்பளியிலும் இலாபம் பார்த்த தலைமுறை போய்விட்டது. பாக்கியோ பறவைக் கூட்டில் நிற்கிறது. 2016இல் அந்த நாட்டு அரசாங்கம், 2050க்குள் எலி, போஸம், ஸ்டோட் இனங்களை நாட்டிலிருந்தே அகற்றுவதென்று இலட்சியம் வகுத்தது. 2025இல் காட்டில் திரியும் பூனைகளையும் அப்பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஆனால் சர்க்கார் சம்பளக்காரர்களால் மட்டும் ஆகிற வேலையா இது? ஊர் மக்கள் தத்தம் கொல்லைப்புறத்திலேயே கடலை வெண்ணெய் தடவிய பொறியை வைத்துப் பார்த்து வருகிறார்கள். வெல்லிங்டனை அடுத்த குன்றுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொறிகளை வைத்துக் காத்த பின்னரே, 2022இல் கிவிகளை அங்கே மீண்டும் விட முடிந்தது.

நண்பர் இதற்கு மசியவில்லை. "கடன் வாங்கியவன் மனுஷன். உயிரைக் கொடுப்பது எலி. இது எந்த ஊர்க் கணக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான், அதற்கு முழு விடை நம்மிடம் இல்லை. எலியின் மீது குற்றமில்லை. அது தன் வயிற்றுக்காக வாழ்கிறது. ஆயினும், கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனின் கை சுத்தமானது என்று நாம் நினைத்துக்கொள்வதும் பிழை. 1964இல் அந்நாட்டின் தெற்கிலுள்ள ஒரு சிறு தீவில் கப்பல் எலி ஏறியிருப்பது தெரிந்தது. எலியால் அவ்வளவு கெடுதி வருமா என்று படித்தவர்களிலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். ஒரு ஜாதிப் பறவையில் 36ஐ மட்டும் அவசரமாகப் பிடித்து வேறு தீவுகளுக்கு மாற்ற முடிந்தது. வேறு இரண்டு ஜாதிப் பறவைகளும் ஒரு வௌவாலும் பூண்டோடு அழிந்தன. அங்கே தாமதித்ததும் கொலையாகத்தான் முடிந்தது.

கடமையாகிவிட்டதால் எப்படியும் கொல்லலாம் என்று ஆகாது. 2023இல் அந்த நாட்டின் ஒரு கிராமத்தில், பள்ளிக்கு நிதி திரட்டும் வேட்டைப் போட்டியில், காட்டுப் பூனைகளை அதிகம் கொல்லும் சிறுவனுக்கு 250 டாலர் பரிசென்று அறிவித்தார்கள். பலத்த கண்டனம் எழுந்து அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே என்போம். கொல்லப்படுவது அதே பூனையாகவே இருக்கலாம். அதைப் பரிசுக்காகக் கொன்று பழகிய குழந்தை, பிறகு எதை இரக்கத்தோடு பார்க்கும்?

அறுக்குமுன் கத்தியைத் தீட்டிக்கொள்ளும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியையும் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அந்தப் பையன் கடிதத்தில் எழுதியிருந்ததை நண்பர் வாசித்துக் காட்டியபோது நமக்கு இவ்விரண்டும் நினைவுக்கு வந்தன. நொடியில் உயிர் போகிறதா என்று சோதித்துத் தேர்ந்த பொறிகளையே தாங்கள் வைப்பதாக எழுதியிருந்தான். உயிரோடு பிடிக்கும் கூண்டை வைத்தவன் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தாக வேண்டுமென்பது அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டம். பசை அட்டையை அனுமதியின்றி விற்பதும் வைப்பதும் 2015 முதல் தடை.

கடிதத்தில் அந்த வரி வந்ததும் நண்பர் நிறுத்திவிட்டார். பசை அட்டை நம் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. நம் கிட்டங்கிகளில் அரிசி மூட்டைகளின் இடுக்கில் அதைத்தான் வைக்கிறோம். எலி நாலு காலும் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் கத்தும். காலையில் கடைப்பையன் அட்டையை இரண்டாக மடித்து, உயிரோடே குப்பைத் தொட்டியில் போடுவான். நாம் அப்போது கல்லாவில் இருப்போம். இருபது வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கணக்கு எழுதியவர்கள் நாம். மகனைப் பற்றி முறையிட வந்தவரும் அப்படியே.

தேநீர் ஆறிப்போயிருந்தது. நண்பர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கடையில் இன்னும் மூன்று பெட்டி கிடக்கிறது. விற்கவும் மனம் வரவில்லை. வாங்கிய இடத்தில் திருப்பி எடுப்பானா?" என்று கேட்டார்.