சிற்றின்பமும் சிறிய இன்பங்களும்

இன்பத்தைப் பாகுபடுத்தி நோக்கும் மரபு தமிழில் மிகப் பழையது. சமய நூல்கள் அதனைப் பேரின்பம், சிற்றின்பம் என இரண்டாக வகுத்தன. இறையனுபவம் பேரின்பமாயிற்று, புலன்வழி வருவன, சிறப்பாக ஆண் பெண் உறவு, சிற்றின்பமாயின. இவ்விரண்டனுள்ளும் எளிதில் அடங்காத மூன்றாவது தொகுதி ஒன்றும் உண்டு. மாலையில் தனித்திருந்து பருகும் தேநீர், கூந்தலிற் சூடும் ஒரு முழம் மல்லிகை, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டு, தோய்த்து மடித்த பருத்திச் சேலையின் மணம் ஆகியன அத்தொகுதியைச் சேர்ந்தவை. இவை முத்திக்கு வழிகாட்டுவனவும் அல்ல. ஒழுக்கத்தைக் கெடுப்பனவும் அல்ல. ஆதலால் அறநூல்கள் இவற்றைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆயினும் ஓர் இளம் பெண்ணின் வாழ்விலே இடம்பெறும்போது இவை அறப் பிரச்சினையாகிவிடுகின்றன. அவ்வாறு ஆவது ஏன் என்பதும், அது நியாயமா என்பதும் ஆராயத்தக்கன.

கொழும்பின் ஹெவ்லொக் டவுன், 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய பகுதி. வெள்ளவத்தையின் சந்தையும் சேலைக் கடைகளும் கடற்கரையும் அதற்கு அணித்தாகவே உள்ளன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் முதலிய இடங்களிலிருந்து கல்விக்கும் தொழிலுக்குமாக வரும் இளம் பெண்கள் பலர் இப்பகுதிகளில் வாடகை அறைகளிலே வாழ்கின்றனர். அத்தகைய ஒருத்தியின் மாதச் சம்பளம் அவள் கைக்கு வருமுன்னரே பங்கிடப்பட்டுவிடுகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு, தம்பியின் படிப்புக்கு ஒரு பங்கு, அறை வாடகைக்கு ஒரு பங்கு. எஞ்சிய சிறு தொகையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலையில் அவள் மல்லிகைச் சரம் ஒன்றை வாங்கிச் சூடிக்கொண்டு வருகிறாள் எனக் கொள்வோம். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "ஆருக்குப் பிள்ளை இந்தப் பூ?" என்று கேட்கிறார். கேள்வியிலே கடுமை இல்லை. ஒருவேளை அன்புங்கூட இருக்கலாம். ஆனால் "எனக்குத்தான்" என்ற விடையை அக்கேள்வி எதிர்பார்க்கவில்லை. அப்பூவைக் கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலுக்குக் கொண்டுபோவதற்காக வாங்கியிருந்தால் கேள்வியே எழுந்திராது. கணவனுக்காக அவள் சூடியிருந்தாலும் எழுந்திராது. பூ என்பது தெய்வத்துக்கு உரியது. அன்றேல் பார்ப்பவருக்கு உரியது. சூடியவளுக்கு அது உரியதாகலாம் என்ற எண்ணமே அங்கு இல்லை.

உணவின் நிலையும் இதுவே. சமையல் பெண்ணின் கலை எனப் போற்றப்படுகிறது. சொதிக்கு எவ்வளவு புளிப்பு வேண்டும், சம்பலுக்கு எத்தனை செத்தல் மிளகாய் போதும் என்பதை அவள் நன்கறிவாள். ஆனால் அவ்வறிவு தந்தையின் நாவையும் தமையனின் நாவையும் அளவுகோலாகக் கொண்டு வளர்ந்தது. எல்லோரும் உண்டபின் அடுக்களையில் அமர்ந்து, சட்டியில் எஞ்சியதை வழித்து உண்ணும் தாயிடம் அவளுக்கு விருப்பமான கறி எது என்று அவள் மக்கள் எத்தனைபேர் கேட்டிருப்பர்? கேட்டிருப்பினும் அவளுக்கு உடனே விடை சொல்ல வந்திருக்குமா?

அழகும் சுவையும் பெண்ணுக்கு இரவலாகவே கொடுக்கப்பட்டன என்பதற்குக் கைம்மை மரபைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கணவன் இறந்ததும் பூ, பொட்டு, வண்ணச் சேலை ஆகியன நீக்கப்பட்டன. உணவிலிருந்து சுவையும் நீக்கப்பட்டது. புறநானூற்றின் 246ஆம் பாடலிலே பெருங்கோப்பெண்டு, கணவனாகிய பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயத் துணிகிறாள். தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் அவள் கைம்பெண்ணின் உணவை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறாள்: நெய் தீண்டாத பழஞ்சோறு, எள்ளுத் துவையல், புளி கூட்டி வெந்த கீரை, அவற்றோடு பாயின்றிப் பருக்கைக் கற்களின்மேல் உறக்கம். இவற்றை ஏற்று வாழ்பவள் தான் அல்லள் என்பது அவள் கூற்று. இப்பாடலைக் கற்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். ஆயின் அதனை வேறொரு வகையிலும் வாசிக்கலாம். நெய்யும் பாயும் அதுவரை அவளுக்கு உரியனவாக இருந்தனவெனின், ஒருவனின் மரணம் அவற்றை எங்ஙனம் பறித்திருக்க முடியும்? அவை தொடக்கத்திலிருந்தே அவனுடைய கணக்கில் வழங்கப்பட்டவை. அவன் சென்றதும் கணக்கு மூடப்பட்டது.

தமிழ் மரபு முழுவதுமே இன்பத்துக்குப் பகையானது என்பது இதன் பொருள் அன்று. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 25 இன்பத்துப்பாலுக்கு உரியன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் உவகையையும் ஒன்றாக வைத்து, அது செல்வம், அறிவு, புணர்ச்சி, விளையாட்டு ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. விளையாட்டு என்பது பயன் கருதாத மகிழ்ச்சி. அதற்கு நியாயம் கேட்பது பொருந்தாது. இலக்கணம் ஏற்றுக்கொண்ட இவ்வுவகையை வீட்டு வாசல் ஏற்கத் தயங்குகிறது என்பதே முரண்.

மேனாட்டு அறவியலிலும் இதனையொத்த குருட்டிடம் ஒன்று உண்டு. புலனின்பங்களில் அளவறிதலை அரிஸ்ரோட்டில் ஓர் அறமாகக் கொண்டார். மிகையாக நுகர்வது ஒரு குற்றம். இன்பத்தை உணரவே இயலாதிருப்பது எதிர்ப்பக்கத்துக் குற்றம். ஆனால் இரண்டாவது வகையினர் மிக அரியர் எனவும், ஆதலால் அவர்களைச் சுட்ட ஒரு பெயர் வழக்கில் இல்லை எனவும் அவர் கருதினார். ஆடவர் கூடிய விருந்து மண்டபத்தை நோக்கிச் சொல்லியிருப்பின் அது சரியாகலாம். அடுக்களையை எட்டிப் பார்த்திருப்பாராயின், இன்பம் வேண்டாதவராகப் பழக்கப்பட்டவர் அரியர் அல்லர் என்பதையும், அவர்களுக்கு "நல்ல பிள்ளை" என்ற பெயரே உண்டு என்பதையும் கண்டிருப்பார்.

இவ்விடத்திலே சிலர் ஒரு தடையை எழுப்பலாம். அத்தாய்மார் குறைப்படவில்லையே, இருப்பதைக்கொண்டு நிறைவடைந்தனரே, அவர்களது நிறைவைக் குலைப்பது எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். பொருளியலறிஞரான அமர்த்தியா சென் இத்தகைய வாதத்தின் பலவீனத்தை விளக்கியுள்ளார். நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர், கிடைக்கக்கூடியதின் அளவுக்குத் தம் ஆசையையும் சுருக்கிக்கொள்வர். எனவே அவர் முறையிடாமை அவருக்குக் குறையில்லை என்பதற்குச் சான்றாகாது. பசித்தவன் பசியை மறந்தால் அவன் உண்டவன் ஆகிவிடுவதில்லை.

இன்னொரு தடை இதனினும் வலியது. தன்னலம் துறந்து பிறருக்காக வாழ்வது உயர்ந்த அறமன்றோ? அம்மாவின் தியாகத்தை இழிவுபடுத்தலாமோ? இதற்கு விடைகாண மணிமேகலையை நோக்குதல் பொருத்தமாகும். நாடகக் கணிகையர் குலத்திற் பிறந்து பேரழகியாய் வளர்ந்தவள் அவள். உதயகுமரன்பால் அவள் உள்ளம் சென்றது என்பதையும் சாத்தனார் மறைக்கவில்லை. ஆசையை அறிந்து, அதனை ஆராய்ந்து, அதன்பின்னரே அவள் துறந்தாள். துறந்தபின் அவள் ஏந்திய பொருள் அமுதசுரபி. அழகைத் துறந்தவள் உணவைத் துறக்குமாறு உலகுக்குக் கூறவில்லை. பசித்தவர்க்கெல்லாம் அதனை வழங்கினாள். இதுவே துறவு. துறப்பதற்கு முதலில் ஒரு பொருள் தனக்கு உரியதாக இருத்தல் வேண்டும். உரிமையில்லாத ஒன்றை ஒருவர் விட்டுவிடும்போது அதற்குத் துறவு எனப் பெயரிடுவது, பறிப்பை மூடி மறைக்கும் சொல்லலங்காரமே. தன் பங்கு மீன்பொரியலைத் தன் விருப்பத்தோடு பிள்ளையின் தட்டில் வைக்கும் தாய் தியாகி. அவளுக்கென ஒரு பங்கே வைக்கப்படாத வீட்டிலோ தியாகம் என்ற சொல்லுக்கு இடமில்லை. தாயின் தியாகத்தைப் போற்ற விரும்புவோர் முதலில் அவளுக்கென ஒரு பங்கை வைத்தல் வேண்டும். அதனை உண்பதா கொடுப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

அவ்வாறாயின், ஊர் பசித்திருக்கும்போதும் ஒருத்தி தன் சிறிய இன்பத்தை நாடலாமா? இவ்வினாவைக் கொழும்பு அண்மையிலேயே நேரிற் சந்தித்தது. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசைகள் நீண்டன. வாடகை அறைகளிலே விளக்கும் விசிறியும் மணிக்கணக்காக நின்றன. பூவுக்கும் வளையலுக்கும் செலவிடுவது அப்போது வெட்கத்துக்குரியதாகத் தோன்றியிருக்கும். அவ்வெட்கத்திலே நியாயமும் உண்டு. அயலவர் பட்டினி கிடக்கையில் மிகையாக நுகர்வது அறமாகாது. ஆனால் சிறிய இன்பங்களின் இயல்பே அவை மிகையை வேண்டாமைதான். ஏதென்ஸ் நகரில் ஒரு தோட்டத்திலே தன் மாணாக்கரோடு வாழ்ந்து, பெண்களையும் அக்கூட்டத்திற் சேர்த்துக்கொண்ட எப்பிக்கூரஸ், இன்பமே வாழ்வின் இலக்கு எனக் கற்பித்தவர். அவரோ ரொட்டியும் நீரும் கொண்டு நிறைவடைந்தார். விருந்துண்ண விரும்பும்போது ஒரு சிறு சாடிப் பாற்கட்டி போதும் என நண்பருக்கு எழுதினார். இன்பத்தை உணரும் ஆற்றல் கூர்மையடையுந்தோறும் அதற்கு வேண்டிய பொருள் குறைகிறது. நெருக்கடிக் காலத்தில் ஒரு குவளைப் பாலில்லாத் தேநீரை நிதானமாகச் சுவைத்த பெண் எவருடைய பங்கையும் பறிக்கவில்லை.

இதற்கு மாறானதொரு போக்கும் ஹெவ்லொக் டவுனின் கண்முன்னே எழுந்து நிற்கிறது. ஹெவ்லொக் வீதியோரத்தில் முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கியது. அவ்வாலைத் தொழிலாளர் 1933இல் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதியும் பேரங்காடியும் உள்ளன. துணி நெய்த இடத்திலே இப்போது துணி காட்சிக்கு வைக்கப்படுகிறது. அங்காடியின் விளம்பரமும் இளம் பெண்ணை நோக்கி "இது உனக்காக" என்றுதான் சொல்கிறது. ஆயின் அது விற்பது அவளது இன்பத்தையன்று; பிறர் கண்ணுக்கு அவள் எவ்வாறு தோன்றவேண்டும் என்ற கவலையையே விற்கிறது. வாசலில் நின்று "ஆருக்கு?" என்று கேட்ட குரலும், கண்ணாடிக்குள்ளிருந்து "இன்னும் போதாது" என்று சொல்லும் குரலும் அடிப்படையில் ஒன்றே. இரண்டும் அவளது அழகைப் பிறர் பார்வையிடம் ஒப்படைக்கின்றன. எவரும் பாராத அறையிலும் அப்பூ அவளுக்கு மகிழ்ச்சி தருமாயின், அது அவளுடையது என்று கொள்ளலாம்.

இன்னும் ஒரு சோதனை எஞ்சியுள்ளது, கடினமானதும் அதுவே. அவள் பருகும் தேநீரின் கொழுந்தைப் பறித்தவளும் ஒரு பெண்தான். நீண்ட போராட்டத்தின் பின் 2021இலேயே பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. நல்ல தேயிலை கப்பலேறிச் செல்ல, பறித்தவளின் லயத்தறையில் பெரும்பாலும் தூள் தேயிலையே கொதிக்கிறது. அவளுடைய மகளோ கொழும்பில் ஏதேனும் ஒரு வீட்டிலே சமைத்தும் துடைத்தும் வாழ்பவளாக இருக்கலாம். அம்மகளும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் சற்று நேரம் இருந்து, கடலை கொறித்து, சூரியன் மறைவதைப் பார்க்க விரும்பக்கூடும். அவளுக்கு அந்த மாலையை மறுத்துவிட்டுத் தன் மாலையை மாத்திரம் காப்பது உரிமையாகாது. அது பழைய சலுகையின் இன்னொரு வடிவமே. தான் நாடும் சிறிய இன்பத்தை அடுத்தவளுக்கும் மனமுவந்து அளிக்க முடிகிறதா என்பதே அவ்வின்பத்தின் அறத்தை அளக்கும் கோல். தனக்கென ஒருபோதும் எதையும் சுவைத்தறியாதவள் இக்கோலைக் கையிலெடுப்பது அரிது. சுவையை அறிந்தவளுக்கோ அடுத்தவளின் இழப்பு வெறும் செய்தியாக இராது.

1928இல் கேம்பிரிட்ஜின் மகளிர் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளை அடிப்படையாகக் கொண்டு வேர்ஜீனியா வூல்ஃப் எழுதிய நூல், பெண்ணுக்குத் தனி அறையும் சொந்த வருவாயும் வேண்டும் என்று வாதிட்டதற்காகப் பெயர்பெற்றது. ஆடவர் கல்லூரியின் செழிப்பான உணவையும் மகளிர் கல்லூரியின் எளிய உணவையும் ஒப்பிட்டே அவர் அவ்வாதத்தைத் தொடங்கினார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. உணவும் சிந்தனையும் வெவ்வேறு மாடிகளில் வசிப்பன அல்ல என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஹெவ்லொக் டவுனின் வாடகை அறைகளில் வாழும் பெண்கள் பலருக்கு இன்று அறையும் வருவாயும் ஓரளவு வாய்த்துவிட்டன. இன்னும் வாய்க்காதது, விளக்கம் சொல்லாமல் மகிழ்வதற்கான உரிமை.

எனவே, சிறிய இன்பங்களுக்கு நியாயம் கூறும் பொறுப்பு அவற்றை நாடும் பெண்ணுக்கு உரியதன்று. அளவோடு அமைந்து, பிறர் பங்கைப் பறிக்காது, அடுத்தவளுக்கும் அவ்வாறே கிடைக்கவேண்டும் என்னும் விருப்பத்தோடு கூடியவிடத்து, அவை அறத்துக்கு மாறானவை அல்ல. தானும் ஓர் உயிர் என்பதை ஒருத்தி நாள்தோறும் தனக்கு நினைவூட்டிக்கொள்ளும் வழிகள் அவை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வாசலில் அக்கேள்வி எழலாம். "எனக்குத்தான், அம்மா, உங்களுக்கும் ஒரு முழம் வாங்கி வந்தனான்" என்று அவள் சொல்வாளாயின், அந்த அம்மாவிடம் பல்லாண்டுகளாக எவரும் கேளாத ஒன்று அன்று கேட்கப்பட்டதாகும். அவர் அப்பூவை வாங்கிச் சுவாமிப் படத்துக்குச் சாத்தலாம். தம் கூந்தலிற் சூடவும் செய்யலாம். அம்முடிவு அவருடையது.