பாவையின் பார்வை

கண்ணின் நடுவே விளங்கும் கருமணிக்கும், குழந்தை விளையாடும் பொம்மைக்கும் தமிழில் பாவை என்னும் ஒரே பெயர் வழங்குகிறது. இலத்தீன மொழியிலும் அவ்வாறே. பிறர் கண்ணை அணுகி நோக்குவார்க்கு அங்கே தம் உருவமே சிறு பொம்மையாய்த் தெரிகிறதன்றோ!

எம் மகள் பொம்மைகளுக்குக் கண் செய்யக் கற்றாள். ஒருபுறம் குவிந்தும் மறுபுறம் தட்டையாயும் உள்ள சிறு கண்ணாடித் துண்டின் தட்டைப் புறத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். நோக்குவது கண்ணாடியின் வழியே ஆதலின் வரிசை தலைகீழ். முதலில் கருமணி, அது உலர்ந்தபின் சுற்றிலும் மெல்லிய கதிர்க்கோடுகள், இறுதியிலேதான் அடிவண்ணம். தஞ்சைக் கண்ணாடி ஓவியத்துக்கும் இதுவே முறை. கற்சிற்பிக்கோ கண் திறப்பது கடைசிப் பணி. இங்கு அதுவே முதற்பணி. முடிந்த கண், நாம் எப்பக்கம் நகரினும் நம்மையே தொடர்வது போலத் தோன்றும். குவிந்த கண்ணாடியில் ஒளி வளைவதன் விளைவு அது, மாயம் ஒன்றுமில்லை.

மாயமில்லை என்றறிந்தும் ஓர் இரவு அதற்கு அஞ்சினோம். சொந்த ஊர் சென்றுவர அரசு தரும் எல்.டி.சி. சலுகைக்காக, செல்லாத பயணத்துக்குப் பட்டியல் எழுத அமர்ந்திருந்தோம். மேசைமேல் அப்பொம்மை. எழுந்து அதனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். பின்னர் பேனா தடையின்றி ஓடியது.

அஞ்சியது பொம்மைக்கன்று, மனச்சான்றுக்கே என்று கற்றோர் கூறுவர். யாமும் அவ்வாறே எம்மைத் தேற்றிக்கொண்டோம். ஆயின், மனச்சான்று உள்ளிருப்பதாயின், பொம்மையைத் திருப்பியதும் அச்சம் ஏன் தணிந்தது? அது எம்முடனேயே அமர்ந்திருக்க வேண்டுமே! நாம் பெருமையாகப் பேசும் அகச்சான்று, வெளியே ஒரு கண் இல்லாவிடில் உறங்கிவிடும் இயல்பினதோ என ஐயுறுகிறோம். அக்கண் காணாத கண்ணாயினும், நம் மகளே எழுதிய கண்ணாயினும் போதுமானதாய் இருக்கிறது.

எம் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை எம் அருகே விழுந்தது. ஆயினும் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பாகப் பத்மநாபபுரத்துக் கலைமகளும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை கடந்து, எம் வழியே திருவனந்தபுரம் செல்கின்றனர். சாலையோரம் விளக்கேற்றி நிற்கும் மூதாட்டியர் 'பார்க்க வந்தோம்' என்று கூறுவதில்லை. "அம்மை நம்மளப் பாக்கணும், மக்களே" என்பர். அந்தக் கண்களும் மனிதர் கை திறந்தவையே. அதனை அவர்கள் அறியாதவரல்லர்.

மறுநாட் காலை, "பொம்மய ஆருப்பா திருப்பி வச்சது?" என்று மகள் வினவினாள். காற்று என்றோம்.

அடுத்த ஆண்டு மெய்யாகவே ஊர் சென்றோம். திருவுருவங்கள் வந்தபோது எம் அன்னையார் கைப்பிடித்து முன்வரிசைக்கு அழைத்தார். வெயிலைக் காரணம் காட்டிப் பின்னேயே நின்றுகொண்டோம்.