பின்தங்கியவள் எங்கே தங்கினாள்?

பின்தங்குதல் என்ற சொல்லுக்குள் தங்குதலும் இருக்கிறது. பள்ளியில் அதைச் சொல்லும்போது நம் காதில் விழுவது 'பின்' மட்டும்தான். மந்தமானவள், கவனமில்லாதவள், வீட்டில் புத்தகத்தைத் தொடாதவள். எங்கே தங்கினாள், யாருக்காகத் தங்கினாள் என்று யாரும் கேட்பதில்லை.

சாணார்பட்டிப் பக்கமிருந்து பேருந்தேறி வந்து இளங்கலைத் தமிழ் படித்த ஒரு மாணவிக்கு யாப்பு வகுப்பில் நேரசை, நிரையசை பிரிக்க வரவில்லை. "நான் பத்தாவதுலயே பின்தங்கிட்டேன்மா" என்றாள், ஏதோ திருடிவிட்டவள் போல.

அவள் பத்தாவது படித்தது 2020-21இல். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, பத்தாம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19 அன்று திறந்து மார்ச்சில் மறுபடி மூடியது. அந்த ஆண்டு பொதுத்தேர்வு கிடையாது, எல்லோரும் தேர்ச்சி. ஆகவே சான்றிதழைக் கேட்டால் அவள் எதிலும் பின்தங்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே செல்போனில் தம்பி பாடம் கேட்டான். அவள் விடியுமுன் பூப்பறிக்கப் போனாள், புளிக் காலத்தில் கூலிக்குப் புளி தட்டினாள், மிச்ச நேரத்தில் உலை வைத்தாள். தம்பியின் பாடம் நின்றுபோகாமல் இருந்ததில் அவள் உழைப்பும் உண்டு. அவன் நோட்டில் யார் அதை எழுதுவது?

"விட்டதைப் பிடி" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். விட்டது அவள் கையா, அவளைப் பிடித்திருந்த கையா என்பதுதான் என் கேள்வி. இதில் நம் நாக்கைவிடச் சட்டம் நாகரிகமானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நான்காம் பிரிவில், பள்ளியில் சேராமலோ படிப்பை முடிக்காமலோ போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை என்கிறது. பதினான்கு வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி உண்டு. அதாவது கடன்காரி அவள் அல்ல, அவளுக்குத்தான் பாக்கி.

ஆனால் அந்த உரிமை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் நின்றவளுக்கு அது கைகொடுக்காது. திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலை வேன் வீட்டு வாசலுக்கு வருவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். மூன்றாண்டு வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணச் செலவுக்கு. 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தவருக்குத் தமிழ்க் குடும்பத்தின் கடிகாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கல்யாணம் தள்ளிப்போனால் ஊரே பதறும். படிப்பு தள்ளிப்போனால், பார்த்துக்கலாம்.

இரக்கப்பட்டு மதிப்பெண் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அசை பிரிக்க அவள் கற்றே ஆகவேண்டும். தெரியாததைத் தெரிந்ததாக எழுதித் தருவது அவளுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். அந்த 'எல்லோரும் தேர்ச்சி' செய்ததும் கொஞ்சம் அதைத்தான். பிரச்சினை, கற்பதற்கான நேரத்தை யார் தருவது என்பது. மதியச் சாப்பாட்டு வேளையில் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். மாலையில் அவளால் முடியாது, கடைசிப் பேருந்தல்ல காரணம், வீட்டு அடுப்பு.

விட்டுப்போன பாடத்தை மீட்க அரசு எடுத்த பெரிய முயற்சி 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை 5 மணிக்குமேல், அவரவர் தெருவிலேயே பாடம். நல்ல திட்டம், எழுத்துக்கூட்டத் திணறிய எத்தனையோ பிள்ளைகள் அந்தத் திண்ணைகளில் வாசிக்கப் பழகினார்கள். கற்பித்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, ஊக்கத்தொகை என்பார்கள்.

மாலை ஐந்து மணி என்பது தண்ணீர் பிடிக்கிற, மாடு கறக்கிற, இரவுச் சமையலுக்கு அரிசி களைகிற நேரம். தெருப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் வீட்டில் அப்போது அரிசி களைந்தது யார்? மூத்த மகளாக இருந்தால், அவள் அப்போது எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்?