வாசலில் வாங்கும் வைத்தியக் காசு

பிரிட்டனில் வேலை பார்க்க விசா கேட்பவர் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் இணையத்தில் ஒரு பக்கத்தைக் கடந்தாக வேண்டும். குடியேறுவோருக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் அங்கே கணக்கிட்டுக் காட்டப்படும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் 18 வயது நிரம்பாதவர்களுக்கும் 776. தவணை கிடையாது, விசாக் காலம் முழுவதற்கும் மொத்தமாகக் கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஐந்தாண்டு விசா என்றால் 18,110 பவுண்டு. விசாக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வரும். விசா கிடைத்து, வேலை பறிபோய், இரண்டாம் ஆண்டே ஊர் திரும்பினால் மிச்சக் காலத்துக்கான பணம் வராது.

2015இல் இது தொடங்கியபோது ஆண்டுக்கு 200 பவுண்டுதான். 2019இல் 400, 2020இல் 624, 2024 பிப்ரவரியில் இன்றைய தொகை. ஒன்பதே ஆண்டில் ஐந்து மடங்கு.

அரசு சொல்லும் நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 1948இல் தொடங்கிய என்.எச்.எஸ். என்ற பொது மருத்துவ சேவை, பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. நேற்று விமானத்தில் வந்திறங்கியவர் இன்று அறுவைச் சிகிச்சை மேசையில் படுக்கலாம் என்றால், அவரும் ஏதாவது கொடுக்கட்டுமே என்பது அநியாயமான பேச்சு அல்ல. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய நோய் உண்டா, வயதானவரா என்று இந்தக் கட்டணம் துருவிக் கேட்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் தனியார் காப்பீட்டோடு ஒப்பிட்டால் இது மலிவு.

ஆனால் அதே தொழிலாளியின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் நியாயம் தடுமாறுகிறது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டன் குடிமகனுக்கு எந்த விகிதத்தில் வருமான வரியும் தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும் போகின்றனவோ, அதே விகிதத்தில் இவருக்கும் முதல் மாதத்திலிருந்தே போகின்றன. என்.எச்.எஸ். நடப்பதே அந்தப் பணத்தில்தான். ஆக, ஒரே மருத்துவத்துக்கு ஒருவர் ஒரு முறை கட்டுகிறார், இன்னொருவர் இரண்டு முறை. குடிமகன் பல ஆண்டு கட்டியவர், இவர் புதியவர் என்று பதில் வரும். அப்படியானால் இருபது ஆண்டு துபாயில் சம்பாதித்துவிட்டு, தாய்நாட்டிலேயே இனி வாழ்வது என்று திரும்பும் பிரிட்டன் குடிமகனுக்கு வந்திறங்கிய நாளிலிருந்தே சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது எப்படி? அந்த இருபது ஆண்டில் அவர் கட்டாத வரியை யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. எனவே முன்பு கட்டியவர், கட்டாதவர் என்பது இங்கே அளவுகோல் அல்ல. நம்மவர், வெளியார் என்பதே அளவுகோல். அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் குறைந்தபட்சம் விவாதமாவது நேர்மையாக நடக்கும்.

பழைய பாக்கியைப் பேசத் தொடங்கினால் மறுபக்கத்தையும் எழுத வேண்டியிருக்கும். வேலைக்கு வரும் இளைஞரைப் பெற்ற பிரசவச் செலவு, அவருடைய தடுப்பூசி, பள்ளிப் படிப்பு, பெரும்பாலும் பட்டப்படிப்பும் வேறொரு நாட்டின் கணக்கில் போனவை. உழைக்கத் தயாரான ஆளாக அவர் வந்து சேர்கிறார். அந்த வரவு எந்தக் கட்டணப் பக்கத்திலும் கழிக்கப்படுவதில்லை.

கடைசி உயர்வு வந்த விதம் இன்னும் சங்கடமானது. 2023 ஜூலையில் மருத்துவர்கள், ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசுத் துறையினருக்கு ஊதிய உயர்வை அறிவித்த பிரதமர் ரிஷி சுனக், அதற்கான பணத்தின் ஒரு பகுதி விசாக் கட்டணங்களையும் இந்தக் கூடுதல் கட்டணத்தையும் ஏற்றித் திரட்டப்படும் என்றார். நோயின் செலவுக்கு என்று சொல்லி வாங்கும் காசு, அரசின் பட்ஜெட் ஓட்டையை அடைக்கவும் உதவும் என்றாகிவிட்டது. கட்டுகிறவர்களில் பலருக்கு ஓட்டு கிடையாது. உள்ளூர் வரியைக் கூட்டினால் தேர்தலில் அடி விழும், இங்கே விழாது.

2020 மே மாதத்தில் இந்தக் கட்டணத்தின் மேல் வேறொரு வெளிச்சம் விழுந்தது. கொரோனாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்த் திரும்பிய பிரதமர் போரிஸ் ஜான்சன், படுக்கையருகே நின்று கவனித்த நியூசிலாந்து, போர்ச்சுகல் செவிலியர் இருவருக்கு ஏப்ரலில் மனமுருக நன்றி சொன்னார். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில், வெளிநாட்டுச் செவிலியரும் இந்தக் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும் என்று வாதாடினார். மறுநாளே பின்வாங்கி, மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்கு விலக்கு அளித்தார். நல்ல முடிவுதான். ஆனாலும் அது நன்றிக்குக் கொடுத்த சலுகை, நியாயத்தை ஒப்புக்கொண்டதல்ல. நர்ஸ் கட்ட வேண்டியதில்லை, அவரை அதிகாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவிட்ட பேருந்து ஓட்டுநர் கட்ட வேண்டும் என்றால், தியாகத்துக்குத் தரம் பிரிக்கும் வேலையை அரசு கையில் எடுத்துக்கொண்டது என்றுதானே பொருள்?

மாணவர் விஷயம் வேறு. பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டும் வேலை செய்ய அனுமதி பெற்றவரின் சம்பளத்தில் பெரிதாக வரி போகாது. சென்னையிலிருந்து ஓராண்டு முதுகலைக்குப் போகிறவர் படிப்புக்குப் பிந்தைய நான்கு மாதத்தையும் சேர்த்து 1,164 பவுண்டு கட்டுவதில் இரட்டை வசூல் என்ற குறை அவ்வளவாக எடுபடாது. கல்விக் கடனோடு போகிறவருக்குக் கனமான தொகைதான். ஆனால் கனமானதெல்லாம் அநீதி ஆகிவிடாது.

அநீதி அப்பட்டமாகத் தெரிவது பத்தாண்டுப் பாதையில்தான். குடும்ப உறவையோ நீண்டகால வாழ்வையோ காரணமாகக் காட்டி அங்கே தங்க அனுமதி பெறுகிறவர்களில் பலர், பத்தாண்டு கழித்து நிரந்தரமாகத் தங்கும் உரிமையை எட்டும் வரை முப்பது மாதத்துக்கு ஒரு முறை விசாவைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெரியவருக்கு 2,587.50 பவுண்டு கூடுதல் கட்டணம். துப்புரவு வேலையிலும் கடைகளிலும் ஓடி உழைத்து, வரியும் கட்டிக்கொண்டே இதற்குக் கடன் வாங்குகிற குடும்பங்கள் உண்டு. கட்ட வசதியில்லை என்று நிரூபித்தால் விலக்கு கிடைக்கும். அதற்கு வங்கிக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் அதிகாரியின் முன் விரித்து வைக்க வேண்டும்.

பெற்றோரில் ஒருவருக்குக்கூட குடியுரிமையோ நிரந்தர உரிமையோ இல்லாவிட்டால் பிரிட்டனில் பிறந்த குழந்தைக்கும் பிறப்பால் குடியுரிமை வராது. லண்டன் மருத்துவமனையில் பிறந்து, அந்த நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத ஐந்து வயதுப் பிள்ளையின் பெயரிலும் இதே பக்கம் திறக்கும். குடியேறியவர் என்ற கணக்கில், முப்பது மாதத்துக்கு 1,940 பவுண்டு.