பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப

நாவிதன்வெளியிலிருந்து மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு நீங்கள் வான் பிடித்துப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிட்டங்கித் தாம்போதி, கல்முனை, மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, மதவாச்சி என 250 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பாதை. ஆகஸ்ட் 15 காலைப் பூசைக்குச் சேரவேண்டுமென்று இராத்திரியோடு ஓட்டம். பொலன்னறுவையில் சின்னவன் சத்தியெடுக்கிறான். "கொஞ்சம் பொறு மகன், கிட்ட வந்திட்டம்" என்கிறீர்கள். இன்னும் 100 கிலோமீற்றருக்கு மேல் கிடக்கிறது. யாத்திரையின் முதற் பொய் அது!

நேர்த்தி வைத்தது யார்? பெற்றோராகிய நாம். நமது கடனைப் பிள்ளையின் உடம்பால் தீர்ப்பது நீதியா? அப்படியானால் அவர்களை வீட்டில் விட்டுப்போவதா என்று கேட்பீர்கள். அதுவும் சரியல்ல. கூட்டிப்போகாத பிள்ளைக்கு மடு சுவரில் தொங்கும் படம் மட்டுமே.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆண்டுகள் பல கழித்துச் சந்தித்த தமையன் ஏசா, சேர்ந்தே போவோம் என்று யாக்கோபை அழைக்கிறான். யாக்கோபு இணங்கவில்லை. பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகளை ஒரேநாள் விரட்டினாலும் செத்துப்போகும், அவர்களது நடைக்கு ஏற்ப மெல்ல வருகிறேன் என்கிறார். (அவர் கடைசிவரை சேயீருக்குப் போகவில்லை, சாக்குச் சொன்னார் என்பாரும் உண்டு. சாக்கானாலும் பொய்யில்லையே!)

ஒருநாள் முந்திப் புறப்பட்டு இடையில் தங்கினால் வான் கூலி கூடும், உண்மைதான். ஆனால் சாரதிக்கும் அன்றிரவு நித்திரை கிடைக்கும்.