மலைக்குப் போகலாமா, பாஸ்டர்?



கடந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் ஆராதனை முடிந்து வாலிபர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நம்முடைய சபையின் ஒரு சகோதரன் தன் மனைவியோடு என்னிடத்தில் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "பாஸ்டர், கோத்தகிரியிலே ஒரு வேலை வந்திருக்கு. தங்கும் விடுதியிலே மேற்பார்வை. குவார்ட்டர்ஸும் தர்றாங்க. கர்த்தர் வாசலைத் திறந்துட்டார். கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார். பக்கத்தில் நின்ற சகோதரி ஒன்றும் பேசவில்லை. வேதாகமப் பையின் ஜிப்பை மட்டும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள்.

அன்றைக்கு நான் கை வைத்து ஜெபிக்கவில்லை. "அடுத்த வாரம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன். சகோதரனுக்கு மனவருத்தம்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை அவர்கள் இருவருடைய சம்மதத்தோடும் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இந்த ஆசை ஒரு வீட்டில் மாத்திரம் இல்லை. கோடம்பாக்கத்தில் எத்தனை வீடுகளில் காலண்டரில் மலைப்படம் தொங்குகிறது, தெரியுமா?

ஆசைப்படுவதில் குற்றமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஆற்காடு ரோட்டில் வருஷக்கணக்காய் நடந்த மெட்ரோ வேலையின் தூசி, மே மாத வெயில், பதினோரு மாதத்துக்கு ஒருதரம் ஏறுகிற வாடகை, மேம்பாலத்துக்குக் கீழே நகராமல் நிற்கிற வண்டிகள்; இதையெல்லாம் விட்டு, தேயிலைத் தோட்டத்து நடுவே ஒரு ஓட்டு வீட்டில் காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நிற்க யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் உண்டு. பாஸ்டரம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆனாலும் பிரியமானவர்களே, ஒரு பழைய காரியத்தை உங்களிடத்தில் அறிக்கையிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு வேறொரு குடும்பம் இதேபோல வந்து நின்றது. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டே நிமிஷம் ஜெபித்து, "போங்க, கர்த்தர் முன்னே போகிறார்" என்று அனுப்பிவைத்தேன். அவர்கள் போனது மலையைத் தேடி அல்ல, வட்டிக்காரனுக்குப் பயந்து. அந்தக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தவர் நம்முடைய சபையின் இன்னொரு விசுவாசி. இவர்கள் ராத்திரி ரயில் ஏறின மறுவாரமே வட்டிக்காரன் அவருடைய வாசலில் வந்து நின்றான். மனைவியின் வளையலை விற்று அவர் கட்டினார். மலைக்குப் போனவர்களும் ஒன்பதாம் மாதம் திரும்பி வந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் இன்றைக்கும் பேச்சில்லை. அதில் என் பங்கு உண்டு. ஆண்டவர் என்னை மன்னித்தார். நான் கேட்காமல் விட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யேசபேலுக்குப் பயந்து எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தான். அது தேவனுடைய மலை. அதைவிட நல்ல மலை ஏது? அங்கேயும் கர்த்தர் அவனிடத்தில், நீ எதற்கு இங்கே வந்தாய் என்று கேட்டார். ஒருதரம் அல்ல, இரண்டுதரம். தீர்க்கதரிசியையே கேட்டவர் நம்மைக் கேட்கமாட்டாரா?

சரி, கோத்தகிரிக்கு வருவோம். நம்மில் அநேகர் அதை ஏப்ரல், மே மாதத்தில் இரண்டு நாள் பார்த்திருக்கிறோம். அது விருந்தாளி பார்க்கிற ஊர். குடியிருக்கிறவன் பார்க்கிற ஊர் வேறே. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பலத்த மழை ஐப்பசி கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் மரித்தார்கள், ரோடுகள் துண்டிக்கப்பட்டன. தேயிலைத் தோட்டத்தில் கரடி வரும், காட்டெருமை வரும், சிறுத்தையும் வரும். பெரிய வைத்தியம் என்றால் மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 33 கிலோமீட்டர் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போகவேண்டும். ஊட்டியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் ராத்திரி மூடுபனியில் அந்த வளைவுகளில் ஆம்புலன்ஸ் மெதுவாய்த்தானே போகும்?

"மலைக்காத்து உடம்புக்கு நல்லது பாஸ்டர்" என்றார் நம் சகோதரன். அவருடைய தாயாருக்கு வீசிங் உண்டு. நான் அவருக்கு ஜான் சல்லிவனைப் பற்றிச் சொன்னேன். கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த அந்த வெள்ளைக்காரர் 1819-ல் மலையேறி வந்து, கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அந்த வீடு இன்றைக்கும் நினைவகமாக நிற்கிறது. மலைக் குளிர் நோயாளிகளுக்கு ஆரோக்கியம் தரும் என்று அரசாங்கத்துக்கு ஓயாமல் எடுத்துச் சொன்னவர் அவர். அதே மனுஷனுடைய மனைவியும் மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். மலைக் காற்றை நான் குறைசொல்லவில்லை. குளிர் அம்மாவுக்கு ஆகுமா ஆகாதா என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்கிறேன். டாக்டரைக் கேட்பது அவிசுவாசம் அல்ல.

இன்னொன்றும் சொன்னேன். சல்லிவன் வருவதற்கு வெகுகாலம் முன்னமே அங்கே கோத்தர்களும் படுகர்களும் தோடர்களும் இருந்தார்கள். ஊரின் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்களே! 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தினால் தாயகம் திரும்பின மலையகத் தமிழர்களுக்காக 1968-ல் அரசாங்கம் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் பிற்பாடு டான்டீ ஆனது. நமக்கு மலை இளைப்பாறுதல். அந்தத் தாய்மாருக்கு மழையிலும் முதுகில் கூடையோடு ஏறுகிற இடம். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகிற விலை கேட்டு 2023-ல் படுக விவசாயிகள் கோத்தகிரிப் பக்கம் உண்ணாவிரதம் இருந்தார்கள். அங்கே போய், நாங்கள் சமாதானம் தேடி வந்தோம் என்று சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அயலானாய்ப் போகிறவன் அயலகத்தாரைக் கொஞ்சம் அறிந்துகொண்டு போகவேண்டும்.

வேலையைப் பற்றியும் பேசினோம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை இருந்தது. 1960-ல் ஸ்தாபித்து, 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தார்கள். எக்ஸ்ரே பிலிமும் சினிமா பிலிமும் செய்த இடம். பிலிம் என்றால் நம் கோடம்பாக்கத்துக்குச் சொல்லவா வேண்டும்? சமவெளியிலிருந்து எத்தனையோ பேர் அரசாங்க வேலை, மலை குவார்ட்டர்ஸ் என்று குடும்பத்தோடு ஏறினார்கள். டிஜிட்டல் வந்தது. நம்முடைய தெருக்களில் லேப்கள் மூடின. மேலே தொழிற்சாலையும் நலிந்து மூடப்பட்டது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். லைட்மேன்களும் எடிட்டிங் உதவியாளர்களும் இருக்கிற நம் சபைக்கு இது புரியும். ஆகையால், "விடுதி ஒரு வருஷத்தில் கைமாறினால் நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன். சகோதரன் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபமாய், "அப்ப விசுவாசம் எதுக்கு பாஸ்டர்?" என்றார். நல்ல கேள்விதான். விசுவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லோத்து யோர்தான் சமபூமியைக் கண்களை ஏறெடுத்துப் பார்த்தான், பச்சையாய் இருந்தது, உடனே கூடாரத்தைக் கிளப்பினான் (ஆதியாகமம் 13). அங்கே குடியிருக்கிறவர்கள் யார் என்று அவன் விசாரித்ததாக எழுதியில்லை. அது விசுவாசம் அல்லவே.

இப்பொழுது முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரமும் அந்தச் சகோதரி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டரம்மா காபி கொண்டுவந்து வைத்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், கண்ணீர் வந்துவிட்டது. "என்னை இதுவரைக்கும் யாரும் கேக்கலைம்மா. கர்த்தர் பேசிட்டார்னு அவரு சொன்னப்புறம் நான் என்ன பேசறது? பேசினா கர்த்தருக்கு விரோதமா பேசறதா ஆயிடுமே" என்றார்கள்.

தேவபிள்ளைகளே, குடும்பத் தலைவர்களே, இந்த வார்த்தையைக் கேட்டு நான் நடுங்கினேன். கர்த்தர் பேசினார் என்பதைச் சொல்லி நாம் எத்தனை தரம் வீட்டில் வாயை அடைத்திருக்கிறோம்!

ரூத்தின் புத்தகம் ஒரு குடும்பம் ஊர் மாறுகிறதில்தான் ஆரம்பிக்கிறது. பெத்லகேமில் பஞ்சம். எலிமெலேக்கு மனைவியையும் இரண்டு குமாரரையும் கூட்டிக்கொண்டு மோவாபுக்குப் போனான். நகோமியைக் கேட்டானா? வேதம் சொல்லவில்லை. அவன் மரித்தான், பிள்ளைகளும் மரித்தார்கள். மூன்று கல்லறையையும் அந்நிய தேசத்தில் விட்டுவிட்டுத் திரும்ப நடந்தவள் நகோமி. முடிவெடுத்தவன் ஒருவன், விலை செலுத்தினவள் ஒருத்தி. இதற்கு எதிராக ஆதியாகமம் 24-ஐ வையுங்கள். ஆபிரகாமின் ஊழியக்காரனை வழிநடத்தினது கர்த்தர்தான் என்று லாபானே ஒத்துக்கொண்டான். கிணற்றடியில் கேட்ட அடையாளம் நிறைவேறியிருக்கிறது. இதைவிடத் தெளிவான நடத்துதல் உண்டா? அப்படியிருந்தும் புறப்படுகிற காலையில், பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம் என்று ரெபெக்காளைக் கேட்டார்கள். அவள் போகிறேன் என்றாள். அதற்குப் பிறகுதான் ஒட்டகம் கிளம்பியது. அந்தப் பழங்காலத்து வீட்டில் ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள், டிரஸ்ட்புரத்தில் கேட்கக்கூடாதா?

அதன்பின் சகோதரி பேசினார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். பன்னிரண்டு வருஷமாய்ச் சேர்த்த தையல் வாடிக்கை, அதில்தான் பிள்ளைகளுடைய பீஸ். மகளுக்கு இந்த வருஷம் பத்தாவது. மாமியாருக்கு மாத்திரை மாற்றினால் ஒத்துக்கொள்ளாது. கட்ட வேண்டிய சீட்டு இன்னும் ஏழு தவணை. "போகவே மாட்டேன்னு நான் சொல்லலை. அவரு ஷூட்டிங் இல்லாத நாள்ல வீட்ல உக்காந்திருக்கிறதைப் பாக்க எனக்கும் மனசு தாங்கலை" என்றும் சொன்னார்கள். சகோதரன் தலையைக் குனிந்துகொண்டு, "இதையெல்லாம் நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார். கேட்காமல் எப்படிச் சொல்வது, ஐயா!

நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். நவம்பரில், அடைமழையில், இரண்டு பேரும் போய் நான்கு நாள் தங்கிப் பாருங்கள். காட்சி முனைக்குப் போகவேண்டாம். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நேரம், தையல் கடை, அங்குள்ள ஆராதனை, இவைகளைப் பாருங்கள்.

போனார்கள். மூன்று நாள் சூரியனே தெரியவில்லையாம். துவைத்த துணி காயவில்லை. ஒருநாள் மரம் விழுந்து பஸ் நின்று, நனைந்துகொண்டே நடந்திருக்கிறார்கள். ஞாயிறன்று ஒரு சின்ன சபையில் இருபது பேரோடு ஆராதித்தார்கள். தோட்ட வேலை செய்கிற ஒரு தாயார் இவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுடச்சுட சோறு போட்டார்களாம். அதைச் சொல்லும்போது சகோதரியின் முகம் மலர்ந்தது. ஒரு பழைய நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அவர்கள் முடிவு: மகளின் பரீட்சை முடியும்வரை குடும்பம் இங்கேயே இருக்கும், சகோதரன் மாத்திரம் ஆறு மாதம் முன்னே போய் வேலை பார்க்கட்டும், சீட்டை முடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து பேசுவது. சகோதரனும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்! அந்த நோட்டின்மேல் நான் கை வைத்து ஜெபித்தேன்.

ஆறு மாதம் தனியாளாய் வருகிறேன் என்றதற்கு விடுதிக்காரர் சம்மதிக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய கடனில் பேச்சு முறிந்த இரண்டு குடும்பங்களையும் மறவாமல் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களை இந்த மாதமே நேரில் போய்ப் பார்க்க நான் தீர்மானித்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுத்த துணிகளெல்லாம் 23-ஆம் தேதிக்குள் தயாராகிவிடும் என்று சகோதரி உங்களிடம் சொல்லச் சொன்னார்கள்.