கொடுத்தவர் ஏமாளியா?

சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த வாலிபர் ஒருவர், ரொட்டிக்கடை தொடங்குவதற்குப் போட்ட கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். வாடகை, அடுப்பு, மாவு, மின்கட்டணம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. மின்கட்டணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் நடுவே, “ஆள் இரண்டு பேர், கூலி” என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு ஆரோன் பாயர்ஸ்டைன் என்பவரின் நினைவு வந்தது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரம் ஒரு காலத்தில் நெசவாலைகளுக்குப் பேர்போனது. கூலி மலிவான இடங்களைத் தேடி ஆலைகள் பல அங்கிருந்து கிளம்பிவிட்டன. தம் பாட்டனார் 1906-ல் தொடங்கிய மால்டன் மில்ஸ் என்னும் ஆலையை நடத்திய ஆரோன் அசையவில்லை. செயற்கை ரோமத் துணியை நம்பி மோசம்போய், 1981-ல் கடன்காரர்களுக்குத் தப்ப நீதிமன்றத்தை நாடும் நிலையும் வந்தது. பிறகு பாலியெஸ்டர் நூலில் செய்த, கனமில்லாத, குளிர்தாங்கும் துணி ஒன்று ஆலையை நிமிர்த்தியது. போலார்டெக் என்று உலகெங்கும் விலைபோன துணி அதுதான்.

1995 டிசம்பர் 11. அன்று ஆரோனுக்கு எழுபது வயது நிறைந்தது. அன்றிரவே ஆலை வெடித்துத் தீப்பற்றியது. முப்பது பேருக்கு மேல் காயமுற்றனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுமார் 3,000 தொழிலாளரில் ஏறக்குறைய 1,400 பேருக்கு வேலை போயிற்று. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு அந்தக் கிழவர் ஓய்ந்திருந்தால் யார் குறை சொல்வார்? மூன்றாம் நாள், அவ்வூர்க் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடிய தொழிலாளர்முன் அவர் எழுந்து, ஆலையை இங்கேயே மறுபடி கட்டுவேன், அதுவரை முப்பது நாளைக்கு எல்லோருக்கும் முழுச் சம்பளம் உண்டு என்றார். பிறகு அந்தத் தவணையையும் நீட்டினார். அதற்கு அவருக்கு ஆன செலவு சுமார் 2.5 கோடி டாலர்.

அவர் யூத மதத்தவர். கூலிக்காரனை ஒடுக்காதே என்ற மோயீசன் சட்டத்தை அவர் தம் தொழிலுக்கும் விதியாகக் கொண்டிருந்தார். அதற்கு உடனடிப் பலனும் கண்டார். தீக்குத் தப்பிய பகுதியிலும் தற்காலிக இடங்களிலும் வேலை தொடங்கிய சில வாரங்களில், முன்னைவிட அதிகத் துணி வெளிவந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு வசதியாயிருக்கும். முடியவில்லை. 2001 நவம்பரில் மால்டன் மில்ஸ் மறுபடியும் திவாலாயிற்று. 2003-ல் அது மீண்டபோது, நிர்வாகம் ஆரோன் கையை விட்டுப் போய்விட்டது. “பார்த்தீர்களா, இளகிய மனம் வியாபாரத்துக்கு உதவாது” என்று சொன்னவர்கள் உண்டு.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காப்பீட்டுப் பணம் போதாமல், புதிய ஆலைக்கென்று அவர் வாங்கிய கடன் கொடுத்த கூலியைப்போலப் பல மடங்கு. அத்துடன் குளிர் குறைந்த பருவங்களும் மலிவான போட்டித் துணிகளும் சேர்ந்துகொண்டன. இந்த இடத்தில் எனக்கும் அவரோடு ஒரு வழக்கு உண்டு. தொழிலாளரைக் காப்பது நீதி. ஆனால் எரிந்ததைவிடச் சிறப்பான ஆலை வேண்டுமென்று தாங்க முடியாத கடனை ஏற்றியது விவேகமா? ஆலை விழுந்தால் அதே தொழிலாளர்தானே தெருவுக்கு வருவார்கள்? நல்ல மனமுள்ள முதலாளிகளிடம் இந்தக் குறையை அடிக்கடி பார்க்கிறோம். தம் எண்ணம் சுத்தமானது என்பதால் கணக்கும் சரியாகிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஆனாலும் அவரைத் தோற்றவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இருபது வருஷத்துக்குமேல் ஓர் ஊரின் அடுப்பு எரிந்ததற்கு அவர் பிடிவாதமும் ஒரு காரணம். ஆலை 2007-ல் மறுபடி கைமாறியது. உற்பத்தியை லாரன்ஸிலிருந்து வேறு மாநிலங்களுக்குக் கொண்டுபோகும் செய்தி 2015 டிசம்பரில் வந்தது. ஆரோன் 2021 நவம்பரில், 95-ம் வயதில் இறந்தார்.

ரொட்டிக்கடை வாலிபரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “தம்பி, அடுப்பு பழுதாகி ஒரு மாதம் கடை மூடிக் கிடந்தால், இந்த இரண்டு பேருக்கும் என்ன வழி?” என்று மட்டும் கேட்டேன். கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அப்பாவிடம் பேசிவிட்டு வருகிறேன், ஐயா” என்று போனார். இன்னும் வரவில்லை.